கொங்கு மண்ணின் தாய்மார்: ஓரியின் மலையில் ஒரு பாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையோரம் நின்றால் ஆராதனைக்குப் போகும் பாட்டிகளைப் பார்க்கலாம். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை, பைக்குள் பைபிளும் பாட்டுப் புத்தகமும் மூக்குக் கண்ணாடிக் கூடும். எண்பதைத் தாண்டியவர்களும் அதில் உண்டு. பஸ் படியில் ஏற யாராவது கை கொடுத்தால், "நல்லாயிரு கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். புருஷனைப் பார்த்து, பிள்ளைகளை ஆளாக்கி, பேரன் பேத்திகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து, நீண்ட ஆயுளை வாழ்ந்தவர்கள். இவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்தே எனக்கு ஆசை.

எழுத உட்கார்ந்தால் ஏடு இல்லை. கோவைச் சபைகளின் வரலாறு என்றால் 1830இல் இங்கே வந்த லண்டன் மிஷன் ஆடிஸ் ஐயரில் தொடங்கும். அப்புறம் போதகர்கள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கள், டாக்டர்கள் என்று ஆண்களின் பெயர்களாகவே போகும். பெண்கள் வருகிற இடத்தில் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாயார்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். மனைவி, தாய், பாட்டி என்ற அந்த மூன்று உறவுகளுக்குள் ஒரு மனுஷி என்னென்ன செய்தாள் என்பது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

ஒருவருடைய கணக்கு மட்டும் ஓரளவு எழுத்தில் நிற்கிறது. அவர் பிறந்தது நம் ஊரில் இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மண்ணில் வாழ்ந்து, நம் கொங்கின் கிழக்குக் கோடியில் உள்ள கொல்லிமலை மண்ணிலேயே அடங்கினார். ஈவ்லின் பிராண்ட். உலகம் அவரை 'கிரானி பிராண்ட்' என்று அறியும். பிராண்ட் பாட்டி என்று நாம் சொல்லலாம்.

கொல்லிமலையை நமக்கு வல்வில் ஓரியின் மலையாகத் தெரியும். கொல்லிப்பாவை, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று அதற்குப் பல அடையாளங்கள். இன்றைக்கு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. நூறாண்டுக்கு முன் அந்தச் சாலை இல்லை. ஏற முடிந்தவர் நடந்தார், முடியாதவரை டோலி கட்டித் தூக்கினார்கள். மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, நாடு நாடாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். சமவெளிக்காரர்களுக்கு அந்த மலை என்றால் காய்ச்சல் மலை. ஒரு ராத்திரி தங்கினால் மலேரியா நிச்சயம் என்ற பயம் அடிவாரம் முழுக்க இருந்தது.

ஈவ்லின் ஹாரிஸ் பிறந்தது 1879இல், லண்டனில். செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் வசதியான வீடு, பக்தியுள்ள குடும்பம். முறையாக ஓவியம் பயின்றவர். நல்ல உடை, நல்ல நட்பு என்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தவர், முப்பது வயதைக் கடந்த பிறகு, ஊழியத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி 1911இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்துதான் அவர் வாழ்க்கை ஜெஸ்ஸி பிராண்டின் வாழ்க்கையோடு சேர்ந்தது. ஜெஸ்ஸி அவரைவிட ஆறு வயது இளையவர். கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்திருந்தார். 1907 முதலே ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராகத் தமிழ்நாட்டில் இருந்தார். கொல்லிமலையில் குடியேறுவது என்பது அவருடைய தீர்மானம்.

1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் கல்யாணம் நடந்தது. நம் பக்கம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வரும்போது ஆரத்தி எடுப்பார்கள், பாலும் பழமும் கொடுப்பார்கள். இந்தத் தம்பதி கல்யாணமான அன்றைக்கே மலையேறினார்கள். ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கல்யாண உடையோடு டோலியில் உட்கார்ந்திருந்த பெண் தொப்பலாக நனைந்து, இருட்டுகிற நேரத்தில் புது வீட்டைப் பார்த்தார். ஜெஸ்ஸியே திட்டமிட்டு வாழவந்தியில் எழுப்பிய மர வீடு அது. கறையான் ஏறக்கூடாது என்று தூண்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் தகடு வைத்துக் கட்டியது.

அடுத்த ஆண்டு ஜூலை 17இல் மகன் பால் பிறந்தான். இரண்டு ஆண்டு கழித்து மகள் கானி. மரமேறவும் ஓடையில் குதிக்கவும் இருவரும் மலைப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். கணவரும் மனைவியும் சேர்ந்து மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், ஊர் ஊராக நடந்தார்கள். மருந்துக்கு ஜனங்கள் வந்தார்கள், வேதத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஆண்டுகள் இப்படியே ஓடின. பூசாரியின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். தன் சாமியையும் தன் பிழைப்பையும் காக்க நினைத்தவர் அவர்.

1918-19இல் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீடு வீடாகப் படுத்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் சொந்த பந்தமே விலகி நின்ற நேரம். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பானை பானையாகக் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய்ப் படுத்திருந்தவர்கள் வாயில் ஊற்றினார்கள். எதிர்த்த பூசாரியின் வீடும் அதில் ஒன்று. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் அந்த மனிதர் தன் கைக்குழந்தைப் பெண்ணையும் மகனையும் இவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஊர் அதைப் பார்த்தது. சாகும்போது பிள்ளையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைவிடப் பெரிய சாட்சி எது? அதற்குப் பிறகுதான் மலையில் சபை என்று ஒன்று உருவாகத் தொடங்கியது.

ஜெஸ்ஸி செய்த காரியங்களில் நான் முதலில் வைப்பது கிணற்றுச் சுவர்களை. அந்த நாளில் மலை ஊர்களில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. காலில் ஒரு கொப்புளம் கிளம்பும், எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரில் காலை வைப்பார், கொப்புளம் உடைந்து உள்ளே இருக்கும் நீளமான புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றைத் தின்ற கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளோடு அதே தண்ணீரைக் குடித்தவருக்குச் சுமார் ஓராண்டில் அடுத்த புழு. புழுவை வெளியே எடுப்பது பொறுமையின் வேலை. தலை வெளியே தெரிந்ததும் ஒரு குச்சியில் சுற்றி, அவசரப்படாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். நடுவில் அறுந்தால் உள்ளே சீழ் பிடித்துக் கால் வீங்கும். ஜெஸ்ஸி புழுவைச் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், தண்ணீருக்குள் யாரும் காலை வைக்க முடியாதபடி கிணறுகளுக்குக் கல்சுவர் எழுப்பினார். நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000ஆம் ஆண்டில்.

தாயாக ஈவ்லினைக் காட்டும் ஒரு காட்சியை மகன் பிற்காலத்தில் எழுதி வைத்தார். ஒரு நாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். அப்பா கையுறை போட்டு அவர்களுடைய கால் புண்களைக் கழுவிக் கட்டினார். அம்மா ஒரு கூடை நிறையப் பழம் கொண்டுவந்து தரையில் வைத்தார், கூடையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வந்தவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுவிட்டுப் போனார்கள். எடுக்க ஓடிய சிறுவனை அம்மா தடுத்தார். கூடை நெருப்புக்குப் போனது, பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். வியாதிக்காரருக்குப் பழம் கொடுக்கிற கையும் தன் பிள்ளையைப் பின்னால் இழுக்கிற கையும் ஒரே தாயின் கைகள். இந்தப் பயத்தை மறைக்காமல் எழுதிய மகனை எனக்குப் பிடிக்கிறது. பிற்காலத்தில் அதே வியாதிக்காரர்களின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதே அவருடைய வாழ்நாள் வேலையானது.

1923இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார்கள். திரும்பும்போது பிள்ளைகள் வரவில்லை. படிப்புக்காக இருவரையும் லண்டனில் உறவினர் வசம் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மட்டும் மலைக்கு வந்தார்கள். பாலுக்கு வயது ஒன்பது, கானிக்கு அதற்கும் குறைவு. பிள்ளைகளைப் பிரிந்த அந்த நாளில் தனக்குள் ஏதோ செத்துப்போனது என்று ஈவ்லின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மிஷனெரிக் குடும்பங்களில் அன்று அது வழக்கம். வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடுமா? மலையில் ஊரார் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்த காலத்தில் அவருடைய சொந்தப் பிள்ளைகள் கடிதத்தில்தான் அம்மாவைப் பார்த்தார்கள். இந்தத் தாயின் வாழ்க்கையைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்களில் பிள்ளைகளும் உண்டு.

1929 ஜூன் 15. ஜெஸ்ஸி மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. லண்டனுக்குத் தந்தி போனது, பதினைந்து நிறையாத பையன் படித்தான். தந்தி கடலைத் தாண்ட மணிக்கணக்கில் ஆகும், கடிதம் தாண்ட வாரக்கணக்கில் ஆகும். அதனால் அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மலையில் பார்த்த மரங்களைப் பற்றி, மகன் திரும்பி வரும்போது காட்டவேண்டியவற்றைப் பற்றி எழுதிய கடிதங்கள். பிறகு ஒரு நாள் அவையும் நின்றன.

கணவரை வாழவந்தியில் அடக்கம் செய்த ஈவ்லின் கொஞ்ச காலம் கழித்து இங்கிலாந்து போனார். துறைமுகத்தில் காத்திருந்த மகனின் மனதில் இருந்தது உயரமான, அழகான, துள்ளி நடக்கும் அம்மா. கப்பலிலிருந்து இறங்கியது கூன் விழுந்த ஒரு சின்ன உருவம். அம்மா என்று உடனே அடையாளம் தெரியவில்லை. ஆறேழு ஆண்டு வெயிலும் காய்ச்சலும் ஒரு சாவும் அந்த உடம்பில் எழுதியிருந்தன. அங்கேயே இருந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர் திரும்பி வந்தார்.

வந்தவரை மிஷன் சமவெளியில் வேலைக்கு வைத்தது. மலைக்குப் போகவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் என்று ஐந்து மலைத்தொடர்களுக்கு ஊழியத்தைக் கொண்டுபோகவேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கண்ட கனவு ஒன்று இருந்தது. அதைத் தனியாகச் சுமந்தார்.

1947இல், 68 வயதில், இனி ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொல்லிவிட்டது. அவர் வாதாடிப் பார்த்தார். முடியாது என்றார்கள். சரி, ஒரே ஒரு வருஷம் கொடுங்கள், அதற்கு மேல் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றார். கொடுத்தார்கள். அந்த வருஷத்தில் ஓசையில்லாமல் ஒரு குடிசைக்கு வேண்டிய சாமான்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஆண்டு முடிந்து, உடன் ஊழியர்கள் வழியனுப்பக் கூடினார்கள். அப்போதுதான் சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, ஆனால் இங்கிலாந்து போகவில்லை, மலைக்குப் போகிறேன். யாருடைய உத்தரவும் தேவைப்படாத ஊழியராகப் போகிறேன்.

இங்கேதான் எனக்கு அந்தக் கணக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் மனைவியாக வாழ்ந்தது 16 ஆண்டுகள். பிள்ளைகளை அருகில் வைத்து வளர்த்தது பத்து ஆண்டுகள்கூட இல்லை. ஓய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு மலைகளில் உழைத்தது கால் நூற்றாண்டுக்கும் மேல். அவருடைய வாழ்க்கையின் பெரும் பங்கு பாட்டியாக வாழ்ந்த பங்குதான். நம் வீடுகளில் ஆத்தாவையும் அமுச்சியையும் திண்ணையில் உட்காரவைத்து, உனக்கென்ன இனி வேலை என்று கேட்கிற வயதில் அவர் மட்டக்குதிரையில் ஏறி அடுத்த மலைக்குப் போனார். கூடாரம் அடித்துத் தங்கினார். மருந்துப் பெட்டி, வேதப் புத்தகம், படம் வரைகிற வண்ணப்பெட்டி. கடைசி வரைக்கும் அவர் அந்த மலைகளை வரைவதை விடவில்லை. கைவிடப்பட்ட குழந்தைகள் எங்கே கிடந்தாலும் எடுத்துவந்தார்.

75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தனியாக வலியோடு தரையில் கிடந்தவரைக் காலையில் வேலையாள்தான் பார்த்தார். கட்டிலோடு தூக்கி மலையிறக்கி, ஜீப்பில் ஏற்றி, வேலூர் கொண்டுபோனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அப்போது மகன் பால் பிராண்ட் பெயர் பெற்ற அறுவை மருத்துவர். 1946இல் இந்தியா திரும்பியவர். தொழுநோயில் மடங்கிய கைகளுக்குத் தசைநாண்களை மாற்றித் தைத்துத் திரும்ப வேலை செய்ய வைத்தவர். உலகமே அந்த அறுவைச் சிகிச்சையைப் பார்க்க வேலூருக்கு வந்தது. அந்த மகன் அம்மாவிடம் கெஞ்சினார். இந்த முறை ஆள் கிடைத்தார்கள், அடுத்த முறை என்ன செய்வீர்கள், மலையை விட்டு வாருங்கள் என்றார். தேவனுக்குத் தேவைப்படும் இடத்தில் பயன்படாமல் இந்தக் கிழட்டு உடம்பை எதற்குப் பத்திரப்படுத்துவது என்று கேட்டார் தாய். பெரிய மருத்துவரிடம் அதற்கு மருந்து இல்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு அவர் மலைக்கே திரும்பினார்.

பால் பிராண்டுக்கு ஆறு பிள்ளைகள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போகும்வரை அந்தக் குடும்பம் வேலூரில்தான் இருந்தது. அந்தப் பேரன் பேத்திகளுக்குக் கிரானியாக இருந்தவர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கிரானியானார். மகன் எழுதியதில் என் மனதை விட்டுப் போகாத ஒரு செய்தி உண்டு. வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் லண்டனில் அழகுக்குப் பேர்போன பெண். சுருக்கம் விழுந்து தோல் தொங்கிய அந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. சுற்றியிருந்த ஜனங்கள்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் அந்த முகத்தில் ஒளி இருந்தது என்று மகன் எழுதுகிறார்.

93 வயதில் குதிரைச் சவாரியை விட்டார். அடிக்கடி விழுந்ததால் விடவேண்டி வந்தது. அப்புறம் ஊர்க்காரர்கள் அவரைத் தூளியில் வைத்துத் தோளில் சுமந்து ஊர் விட்டு ஊர் கொண்டுபோனார்கள். 1913இல் புதுப்பெண்ணாகத் தூக்கி வந்த மலை, அறுபது ஆண்டு கழித்துப் பாட்டியாகத் தூக்கிச் சுமந்தது. 1974 டிசம்பர் 18இல், 95 வயதில் இறந்தார். பெட்டி வைக்கவில்லை. உடல் சீக்கிரம் மண்ணோடு சேரட்டும் என்று சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தது. இவ்வளவு விவரம் நமக்குக் கிடைப்பது அந்தப் புத்தகத்தாலும் மகன் பேனா பிடித்தவர் என்பதாலும்தான்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொல்லிமலை போகிறவர்கள் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்து முடித்த பிறகு வாழவந்திக்கும் ஒரு முறை வண்டியைத் திருப்புங்கள். 1929இல் ஒன்றும் 1974இல் ஒன்றுமாகத் தோண்டிய இரண்டு கல்லறைகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வீடு திரும்பியதும் உங்கள் ஆத்தாவிடமோ அமுச்சியிடமோ உட்கார்ந்து, எந்த ஊரில் பிறந்தார், எந்த வருஷம் கல்யாணம், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கின, கைக்குக் காசு வர என்ன வேலை செய்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியநாயக்கன்பாளையத்துப் பாட்டிகளிடம் நான் இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன்.